ஈரத்தில் மறைந்த கறை

ஒரு மடக்குத் தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டு அவர் ஊதினால் அது துளியாக விழாது, புகையாகப் போகும். காலையில் கடையின் பின்பக்க ஜன்னல் வழியே வெயில் சாய்ந்து வரும் நேரமாக இருந்தால், இஸ்திரி மேசைக்கு மேலே கைக்குட்டை அளவில் ஒரு வானவில் எழும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது துணியில் படிந்து காணாமல் போகும். மகள் சின்னவளாக இருந்தபோது அதைப் பிடிப்பதற்காக மேசையடியில் காத்திருப்பாள். இப்போது அவள் வேலைக்கென்று வேறு ஊருக்குப் போய்விட்டாள். ஆனாலும் தொலைபேசியில் பேசும்போது, "வானவில் வந்துச்சாப்பா?" என்றுதான் ஆரம்பிப்பாள்.

கடைத் துணிக்கு அவர் வாயால் ஊதியதே கிடையாது. அதற்குத் தெளிக்கிற புட்டி இருக்கிறது. இது வீட்டுத் துணிக்கு மட்டும், அதிலும் மனைவியின் பருத்திச் சட்டைகளுக்கு. கடை அவர்கள் மூவருடையது. முன்னால் உட்கார்ந்து துணி வாங்குவதும் கிழிசல் தைப்பதும் மனைவி. சலவை இயந்திரங்களோடு மல்லுக்கட்டுவது அவளுடைய தம்பி. கறை எடுப்பதும் கடைசி இஸ்திரியும் அவர் பாடு. அதனால் தெருவில் அவருக்குக் கறைக்காரர் என்று பெயர். கறையை எடுக்கிறவரைக் கறைக்காரர் என்றால், பல்லைப் பிடுங்குகிறவர் மட்டும் பல்காரர் ஆகாமல் எப்படிப் பல் டாக்டர் ஆனார் என்று மச்சான் வருகிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பான்.

அந்தக் கடையில் ஒரு சட்டம் உண்டு. கறை பட்ட துணி எது வந்தாலும், தண்ணீரில் போடுவதற்கு முன் கறையைச் சுற்றி நீல நூலால் பெரிய பெரிய தையலாக ஒரு வேலி ஓட்டிவிட வேண்டும். ஏனென்றால் நனைந்த துணியில் பாதிக் கறை கண்ணுக்குத் தெரியாது. போய்விட்டது என்று நினைத்துக் காயப்போட்டால், இழைக்குள்ளே ஒளிந்திருந்தது ஈரத்தோடு மேலேறி வந்து உட்கார்ந்துகொள்ளும். அதன்மேல் சூடு பட்டுவிட்டால் தீர்ந்தது கதை. பிறகு எந்த மருந்துக்கும் மசியாது. ஆகவே துணி நன்றாகக் காய்ந்து, வேலிக்குள் ஒன்றுமில்லை என்று பகல் வெளிச்சத்தில் பார்த்த பிறகுதான் நூலைப் பிரிக்கலாம். நூல் இருக்கிற துணி இஸ்திரிக்குப் போகாது. பிரித்த நூலை மனைவி விரலில் சுற்றி எடுத்து வைத்துக்கொள்வாள். நல்ல நூலை யார் எறிவார்கள்?

ஒரு காலையில் வானவில் வரவில்லை. தண்ணீர் இடது கடைவாயோரம் வழிந்து தாடையில் இறங்கிச் சட்டைக் கழுத்தை நனைத்தது. மறுநாளும் அப்படித்தான். உங்கள் வானவில்லுக்கும் வயசாகிவிட்டது என்று மனைவி சிரித்தாள். அவரும் சிரிக்கப் பார்த்தார். சிரிக்கும்போது இடது கன்னத்துக்குள் ஏதோ இழுத்துப் பிடித்தது.

அந்தக் கன்னத்துக்கு ஒரு பழைய வழக்கம் இருந்தது. கறை எடுக்கும் மருந்துகளின் நெடி தாங்காமல், இளவயதிலேயே அவர் புகையிலையை அங்கே அடக்கிக்கொள்ளத் தொடங்கியிருந்தார். வேலை செய்யும் நேரமெல்லாம் அது அங்கேதான் குடியிருந்தது. பல்வலி என்று தன்னைத்தானே ஏமாற்றிக்கொண்டு சில மாதங்கள் ஓட்டினார். வாய் இரண்டு விரல் அகலத்துக்குக்கூடத் திறக்காது என்ற நிலை வந்தபோது மனைவி கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு அவரைக் கூட்டிக்கொண்டு போனாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள். முடிவைச் சொன்னவர் அறுவை சிகிச்சை டாக்டரம்மா. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, நேராகப் பார்த்துப் பேசுகிறவர். கன்னத்தில் தொடங்கிய புற்று ஈறைத் தாண்டிக் கீழ்த்தாடை எலும்பின்மேல் ஏறி நிற்கிறது, கழுத்துக் கட்டிகளுக்கும் போயிருக்கிறது, முற்றிய நிலை என்று ஒன்றும் மறைக்காமல் சொன்னார்.

"இப்பவே வெட்டினா தாடையில ஒரு பக்கமே போயிடும். அதனால முதல்ல மருந்து ஏத்திப் பார்க்கலாம். சுருங்கிச்சுன்னா எலும்பைக் காப்பாத்த வழி கிடைக்கலாம். எல்லாருக்கும் சுருங்கும்னு சொல்ல முடியாது. ஆனா சுருங்கினாலும் சுருங்காட்டியும் ஆபரேஷன் உண்டு. அதை மட்டும் மறந்துடாதீங்க."

சுருங்கும் என்ற சொல் அவர் மடியில் வந்து விழுந்தது. மற்ற சொற்கள் எல்லாம் அந்த அறையின் மின்விசிறிக் காற்றில் எங்கோ பறந்துபோயின.

மருந்து ஆரம்பிக்கும் முன், வாயை மரத்துப்போகச் செய்து, ஊசி முனையில் கறுப்பு மை தொட்டுப் புண்ணைச் சுற்றிலும் புள்ளி புள்ளியாகக் குத்தினார் டாக்டரம்மா. எதற்கு என்று மனைவிதான் கேட்டாள். மருந்தில் கரைந்துபோன பிறகு இது எதுவரைக்கும் பரவியிருந்தது என்று எனக்குத் தெரிய வேண்டாமா என்றார். அவரோ கண்ணை மூடிக்கொண்டு, கன்னத்துக்குள் யாரோ எறும்பு மாதிரி நடக்கிறார்கள் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு வந்த நாட்களை அவரால் வரிசையாக நினைவுபடுத்த முடிந்ததே இல்லை. மருந்தேற்றும் கூடம் நீளமானது. சாய்வு நாற்காலிகள், ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஒரு கம்பி, கம்பியில் தொங்கும் பை. காலையில் தண்ணீர் ஏறும், பிறகு மருந்து, பிறகு மறுபடி தண்ணீர். சொட்டு ஒன்று திரண்டு, தயங்கி, கனத்து விழுவதையே அவர் பார்த்துக்கொண்டிருப்பார். சில நேரம் அது மேலிருந்து விழாமல், அவர் உள்ளிருந்து மேலே ஏறுவது போல இருக்கும். கூடத்தின் வெள்ளைத் திரைகள் காற்றில் உப்பும்போது, கொடியில் தொங்கும் விரிப்புகளுக்கு நடுவே படுத்திருப்பதாகத் தோன்றும். யாரோ தன்னைப் பெரிய தொட்டியில் ஊறப்போட்டிருக்கிறார்கள். அவசரப்பட்டுப் பிழியக்கூடாது, ஊறட்டும் என்று யாரோ சொல்கிறார்கள். அந்தக் குரல் தன்னுடையதே என்று தெரிந்து அவர் விழித்துக்கொள்வார்.

பக்கத்து நாற்காலியில் ஒரு பஸ் டிரைவர். தொண்டையில் கோளாறு, குரல் காற்றாகத்தான் வரும். ஆனால் வாய் ஓயாது. இரண்டாவது முறை போனபோது இருவர் தலையிலும் முடியில்லை.

"முன்னாடி கண்ணாடி, பின்னாடி கண்ணாடி, நடுவுல நம்ம ரெண்டு மண்டை," என்றார் டிரைவர். "ராத்திரியில விளக்கு போடாமயே வண்டி ஓட்டலாம்."

வீட்டில் தலையணையில் உதிர்ந்த முடியை, கோட்டுகளில் பஞ்சு எடுக்கும் ஒட்டுப்பட்டையால் மனைவி அழுத்தி அழுத்தி எடுத்தாள். நாக்கில் எப்போதும் ஆணியைச் சப்பிய ருசி. தண்ணீர்கூட இரும்பாக இருந்தது. வாந்தி, வாயெல்லாம் கொப்புளம், நடக்கும்போது தரை ஈரமெத்தை போல அமுங்கியது. கடையின் சத்தம் தூரத்திலிருந்து, தண்ணீருக்கடியிலிருந்து வருவது போல் கேட்டது. நடுவில் ஒருமுறை காய்ச்சல் வந்து, ரத்தத்தில் வெள்ளையணு குறைந்துவிட்டதென்று ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். வெளுப்பு குறைந்துபோனால் உங்களுக்குத்தான் கைவசம் மருந்து இருக்குமே அத்தான் என்று மச்சான் கட்டிலருகே நின்று சொன்னான். சொல்லிவிட்டு வெளியே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

ஆனால் மருந்து கேட்டது. முதலில் வலி போயிற்று. போன வலியைத் தேடி நாக்கு உள்ளே போய்த் துழாவியது. பிறகு வாய் மூன்று விரல் அகலத்துக்குத் திறந்தது. மேடாகக் கரடுமுரடாக இருந்த இடம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கி, கடைசி முறை மருந்தேற்றி முடிந்த சில நாட்களில் கன்னம் வழவழவென்று ஆகிவிட்டது. ஒரு காலையில் கடைக்கு வந்து, மனைவியின் சட்டையை மேசையில் விரித்து, ஒரு மடக்குத் தண்ணீரை வாயில் வைத்து ஊதினார்.

புகை போயிற்று. வெயில் அதில் விழுந்தது. கைக்குட்டை அளவில், பழைய இடத்தில், அது எழுந்து நின்றது.

அன்றைக்கே மகளைத் தொலைபேசியில் அழைத்து, வந்துவிட்டது என்றார். எது என்று அவள் கேட்கவில்லை. அழுதாள்.

அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். அவர் போகப்போவதில்லை என்பது வீட்டுக்குத் தெரிந்த விதம் இதுதான்: ஆஸ்பத்திரியிலிருந்து படுக்கை தயார் என்று அழைத்தபோது, சளி பிடித்திருக்கிறது, அடுத்த வாரம் வருகிறேன் என்று நல்ல கணீர்க் குரலில் சொல்லிவிட்டு வைத்தார். சளியா என்று மனைவி கேட்டாள். இல்லாத ஒன்றை வெட்டுவதற்கு யாராவது போவார்களா என்று அவர் பதிலுக்குக் கேட்டார். இரண்டு நாட்கள் இது நடந்தது. மச்சான் முதலில் அத்தான் கட்சி. உடம்பு தேறிய மனிதனை எதற்கு மறுபடி கத்திக்குக் கொடுக்க வேண்டும் என்றான். அக்கா பார்த்த பார்வையில் கட்சி மாறினான். அவள் கெஞ்சினாள், கோபித்தாள், பிறகு பேச்சையே நிறுத்திவிட்டாள். பேச்சு நின்ற வீட்டில் அவருக்கு மட்டும் எல்லாம் இனிமையாக இருந்தது. படிக்கட்டு, ஜன்னல், தெருவில் போகும் சைக்கிள் மணி என்று ஒவ்வொன்றும் இப்போதுதான் துவைத்து மாட்டினது போல். இந்த முகத்தோடு, இந்த வாயோடு இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதைத் தவிர அவர் வேறொன்றும் கேட்கவில்லை.

அந்த வாரத்தில்தான் பாட்டு டீச்சரின் கோட்டு வந்தது. வெண்ணெய் நிறம், கம்பளி, அவரிடம் இருந்த ஒரே நல்ல கோட்டு. பிள்ளைகளின் பாட்டு நிகழ்ச்சிக்கு மேடையில் நிற்க வேண்டியவர், நெஞ்சுப் பக்கம் காப்பியைக் கொட்டிக்கொண்டிருந்தார். இதை நானே பார்க்கிறேன் என்று கறைக்காரர் வாங்கிக்கொண்டார். தன் கையாலேயே நீல நூல் ஓட்டினார். அடியில் வெள்ளைத் துணி வைத்து, மருந்து தொட்டு, ஒற்றி ஒற்றி எடுத்தார். கை எதையும் மறந்திருக்கவில்லை.

ஈரத்தோடு கோட்டைத் தூக்கி ஜன்னலில் பிடித்தார். வேலிக்குள் பால் போல ஒரே வெள்ளை. அதே நேரம் நாக்கு தானாகப் போய்க் கன்னத்தைத் தடவிப் பார்த்தது. அங்கேயும் ஒன்றுமில்லை. அவருக்குள் ஏதோ ஒன்று பாட்டுப் பாடியது. இத்தனை ஆண்டுகளில் ஒருநாளும் செய்யாததைச் செய்தார். ஈரத்திலேயே நூலை உருவினார். அது துணியை விட்டு வழுக்கிக்கொண்டு வந்தது. மேலே ஒரு துணியைப் போட்டு இஸ்திரியை அழுத்தினார். ஆவி எழுந்து ஜன்னலை மூடியது.

ஆவி விலகி, மேலே போட்ட துணியை எடுத்தபோது அது வரத் தொடங்கியிருந்தது. முதலில் ஒரு நிழல். பிறகு ஒரு வளையம், தூங்கி எழுந்தவன் கண் திறப்பது போல நிதானமாக. அவர் இஸ்திரியைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றார். பழுப்பு நிறம் ஊறி ஊறி மேலே வந்து, தான் முன்பு உட்கார்ந்திருந்த இடம் முழுவதையும் எடுத்துக்கொண்டது. சூடு பட்டுவிட்டது. இனி அது அந்தக் கோட்டின் பிறப்புடன் வந்த மச்சம்.

மனைவி வாசல் பக்கத்திலிருந்து எழுந்து வந்தாள். கோட்டைப் பார்த்தாள். மேசையில் கிடந்த நூலைப் பார்த்தாள். அதை எடுத்து, வழக்கம் போல விரலில் சுற்றத் தொடங்கினாள்.

"ஈரத்துல தெரியலை," என்றார் அவர்.

"தெரியாதுன்னுதானே நூல் ஓட்டுறோம்?"

அவள் சுற்றி முடித்தாள்.

"டாக்டரம்மாவும் ஓட்டிவிட்டிருக்காங்க. உங்க வாய்க்குள்ள. நீங்கதான் பிரிச்சுக்கிட்டு ஓடுறீங்க."

கடையின் பின்னறையில், வாடிக்கையாளர்கள் உடுத்திப் பார்ப்பதற்காக ஒரு கண்ணாடி மாட்டியிருந்தது. அதன்முன் நின்று, கைபேசி விளக்கை அடித்து, உதட்டை விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு அவர் உள்ளே பார்த்தார். இத்தனை நாளும் நாக்கால்தான் பார்த்திருக்கிறார், கண்ணால் பார்த்ததில்லை. இளஞ்சிவப்பான வழவழப்பு. அதைச் சுற்றிக் கறுப்புப் புள்ளிகள், ஒன்றையொன்று கை பிடிக்காமல் வட்டமாக நிற்கும் பிள்ளைகள் போல. ஒன்று கடைவாயருகே. ஒன்று ஈறு மடங்கும் பள்ளத்தில். இன்னொன்று, அவர் நினைத்தே பார்த்திராத தூரத்தில், கடைசிப் பல்லுக்கும் பின்னால். நடுவில் ஒன்றுமேயில்லை. சற்று முன் ஜன்னலில் பிடித்த கோட்டில் இருந்தது போலவே ஒன்றுமேயில்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்து, ஆஸ்பத்திரி எண்ணைத் தேடித் தரும்படி மனைவியைக் கேட்டார். சளி போய்விட்டது என்று அவர்களிடம் சொன்னார்.

டீச்சரிடமும் அவரே போனார். கோட்டை மேசைமேல் விரித்துக் காட்டி, அவசரத்தில் தான் செய்த தப்பு என்றார். டீச்சர் வளையத்தைக் கொஞ்ச நேரம் தடவிப் பார்த்துவிட்டு, பிள்ளைகள் பாடும்போது நான் அவர்கள் பக்கம்தானே திரும்பி நிற்பேன், சபைக்கு என் முதுகு போதும் என்றார். கறைக்காரருக்கு அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

டாக்டரம்மா அவர் வாயைத் திறக்கச் சொல்லி, புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தார். சளியைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்காததே போதுமானதாக இருந்தது.

"புள்ளி எல்லாத்தையும் எடுத்துடுவீங்களா?" என்று கேட்டார் அவர்.

"எல்லாத்தையும். அதுக்கு வெளியேயும் ஒரு விரல்கடை."

"எலும்பு?"

"மேல்விளிம்பு போகும். கீழ்விளிம்பு நிக்கும்னு நினைக்கிறேன். திறந்து பார்த்துதான் சொல்ல முடியும். இப்பவே வாக்குக் குடுக்க மாட்டேன்."

அவர் தலையாட்டினார். துணி வாங்கும்போது அவர்கள் கடையில் சொல்வதும் அதுதான்.

மயக்க மருந்து ஏறும்போது அவர் கொடிகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தார். கண்ணுக்கு எட்டிய தூரம் வெள்ளை விரிப்புகள், ஒவ்வொன்றிலும் ஒரு நீல வட்டம். வட்டங்களுக்குள் எட்டிப் பார்த்தபடியே போனார். எங்கேயோ தண்ணீர் ஊதும் சத்தம் கேட்டது. மேசையடியில் ஒரு சின்னப் பெண் சிரித்தாள்.

விழித்தபோது குரல் இல்லை. கழுத்தில் மூச்சுக்கு ஒரு குழாய், மூக்கில் சாப்பாட்டுக்கு ஒரு குழாய், முன்கையில் பெரிய கட்டு. அந்தக் கையிலிருந்து தோலெடுத்துக் கன்னத்துக்குள் ஒட்டுப் போட்டிருந்தார்கள். முகம் தன்னுடையதா, தலையணையா என்று தெரியாத அளவுக்கு வீங்கியிருந்தது. மனைவி அவருடைய நல்ல கையை எடுத்து, ஒரு விரலைத் தாடைக்கடியில் காதோரத்திலிருந்து முன்பக்கம் வரை மெல்ல நடத்திச் சென்றாள். விரலுக்கடியில் எலும்பு இருந்தது. ஒரு இடத்திலும் அறுபடாமல் இருந்தது.

ஊரிலேயே உங்களுக்கு மட்டும்தான் கை போட்ட வாய் என்று மச்சான் சொன்னான். அவர் கண்ணால் சிரித்தார்.

மறுநாள் டாக்டரம்மா வந்தபோது, அவர் தன் வாயைச் சுட்டிக் காட்டி, காற்றில் ஒரு வட்டம் போட்டு, இரண்டு விரலால் எதையோ உருவி எடுப்பது போலச் செய்து, கேள்வியாகப் பார்த்தார். டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. மனைவிதான் விளக்கினாள், கொஞ்சம் வெட்கத்தோடு: எல்லாம் போய்விட்டதா, நூலைப் பிரிக்கலாமா என்று கேட்கிறார். டாக்டரம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். புள்ளிகள் எல்லாம் எடுத்த துண்டிலேயே வந்துவிட்டன, ஆனால் துண்டை ஆய்வுக்கு அனுப்பியிருக்கிறோம், ஓரங்களை அவர்கள் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றார்.

"இன்னும் காயலைங்க," என்றாள் மனைவி அவர் பக்கம் திரும்பி.

அவர் கையைத் தாழ்த்தினார். காத்திருப்பது அவருக்குத் தெரிந்த வேலைதான். ஜன்னலுக்கு வெளியே ஆஸ்பத்திரியின் சலவை வண்டி தினமும் வந்து போயிற்று. வீக்கம் வடிந்தது. கழுத்துக் குழாயை எடுத்தார்கள். ஒரு பிற்பகலில் டாக்டரம்மா வந்து, உட்காராமல், வாசலில் நின்றபடியே, ஓரங்கள் எல்லாம் சுத்தம் என்றார். கழுத்துக் கட்டிகளில் ஒன்றில் மிச்சம் கொஞ்சம் இருந்திருக்கிறது, அதனால் கதிர் சிகிச்சை பாக்கியிருக்கிறது, வருஷக்கணக்கில் வந்து காட்ட வேண்டும் என்றும் சொன்னார். இந்தத் தடவை அவர் ஒரு சொல்லையும் பறக்கவிடவில்லை.

டாக்டரம்மா போன பிறகு, அவர் தன் கன்னத்தருகே இரண்டு விரல்களைக் கொண்டுபோய், கண்ணுக்குத் தெரியாத ஒரு முடிச்சைப் பிடித்து, நிதானமாக, நீளமாக உருவி எடுத்து மனைவியிடம் நீட்டினார். அவள் அதை வாங்கி விரலில் சுற்றிக்கொண்டாள்.

கதிர் சிகிச்சையும் முடிந்து, வெயில் மறுபடி பின்பக்க ஜன்னலுக்கு வந்த காலத்தில் ஒரு காலை, அவர் இஸ்திரி மேசையில் அவளுடைய பருத்திச் சட்டையை விரித்தார். வாய் உலர்ந்தே இருக்கிறது இப்போதெல்லாம். பக்கத்தில் எப்போதும் தண்ணீர் வேண்டும். ஒரு மடக்கு எடுத்து, உதட்டைக் குவித்து ஊதினார். இடது பக்கம் வழிந்தது. வலது பக்கம் கொஞ்சம் புகை, மீதியெல்லாம் பெரிய பெரிய துளி. வெயில் எதையும் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போயிற்று. சட்டையில் அங்கங்கே திட்டுத் திட்டாக நனைந்து கிடந்ததை அவர் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவள் வந்து சட்டையை மேசையிலிருந்து எடுத்தாள். அப்படியே போட்டுக்கொண்டு பொத்தான்களை மாட்டினாள்.

"பாழாக்கிட்டேன்," என்றார். புதுக் கன்னத்தோடு பேசும் பேச்சு, பாதி குழறியது. அவளுக்கு முழுக்கக் கேட்டது.

"ஈரம்தானே. காஞ்சிடும்," என்று சொல்லிவிட்டு அவள் கடையின் முன்கதவைத் திறக்கப் போனாள்.